தலையை மட்டும் காட்டும் நாணயக் கடை

பெங்களூரு சிக்பேட்டைப் பக்கம், மாடியில் இருக்கிற ஒரு பழைய நாணயக் கடை. குறைதான் அதிகம் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. சரக்கு என்னவோ நல்ல சரக்குதான். ரோம வெள்ளிக்காசு, டெனாரியஸ், ஒரு தட்டு நிறைய வைத்திருக்கிறார்கள், ஆனால் அத்தனையும் மன்னர் தலை மேலே தெரிகிற மாதிரி உறையில் போட்டு, பின்பக்கம் விலைச் சீட்டை ஒட்டிவிட்டார்கள். பூப் பக்கம் தெரியவே தெரியாது. ரோமக் காசில் விஷயமே அங்கேதானே இருக்கிறது!

கெஞ்சிக் கேட்டு உறையைப் பிரிக்க வைத்தேன். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசில் அவர் பேரன்கள் காயஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்க, மேலே பூசாரிகளின் சாமான் இரண்டு: தெய்வத்துக்கு ஒயின் வார்க்கும் கரண்டி, பறவைகளை வைத்துக் குறி பார்ப்பவர்கள் பிடிக்கும் வளைந்த கோல். நம் யஷ்வந்த்பூரிலேயே 1891இல் ரோம வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்த ஊர் இது, கடைக்காரருக்கு அந்தக் கதை தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது ஃபாஸ்டினா காசு. அந்தோனினஸ் பயஸ் என்ற பேரரசரின் மனைவி, இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவர். பூப் பக்கத்தில் தோகை மடக்கிய மயில். கூட வந்த மச்சான் 'முருகா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது ஜூனோ தேவியின் பறவை. தெய்வமான மன்னர்களுக்குக் கழுகு, அது ஜூபிடருடையது.

அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸின் காசுக்கு மட்டும் விலை எகிறுகிறது. இயேசு காட்டச் சொன்ன வரிக்காசு இதுதான் என்கிறார்கள். எந்த சீசரின் (ரோமப் பேரரசர்களின் பட்டம் அது) காசு என்று பைபிளில் பெயர் இல்லை, அதனால் அந்தக் கதைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தலைப் பக்கம் உளிவெட்டு விழுந்த காசுகளை மலிவாகத் தருகிறார்கள், இந்தியாவில் கிடைத்த ரோமக் காசுகளில் அப்படி வெட்டு நிறையவே உண்டு, நான் தயங்காமல் வாங்குவேன்.

தராசு சரியாக இருக்கிறது, எடை போட்டுக் காட்டினார்கள். கி.பி. 64இல் பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்துவிட்டார், அதற்கு முந்தையவை 3.7, 3.8 கிராம் வரை நிற்கும், பிந்தையவை பெரும்பாலும் 3.4க்குள்.

பில்தான் மோசம், 'பழைய காசு 1' என்று எழுதித் தந்தார்கள். மன்னர் பெயர், எடை, இரண்டு பக்கப் படம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி விற்பவருக்கு உரிமம் வேண்டும், அதைக் கேட்டதும் கடைக்காரர் காபி சொல்லட்டுமா என்றார். அப்புறம், கார்டு வாங்க மாட்டார்கள், யுபிஐ உண்டு.