முறுக்கு விளம்பரத்துக்கு ஏஐ வீடியோ: ஒரு மாதம் காசு கட்டிப் பார்த்தேன்

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலேயே கைமுறுக்கு சுற்றி விற்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் தொழில் செய்கிறவர்கள் வாசலில் பெயர்ப்பலகையோ சுவரொட்டியோ வைக்கக் கூடாது என்பது வீவக விதி. அதனால் எனக்குக் கடை முகப்பு என்றால் கைப்பேசித் திரைதான். 2025 தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. செப்டம்பர் நடுவிலேயே ஏஐ வீடியோ செயலி ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்).

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 பிப்ரவரியில் சோரா என்ற தன் ஏஐ வீடியோ கருவியைக் காட்டியபோது அந்தக் காட்சிகளில் சத்தமே இல்லை. 2025 மே மாதம் கூகுளின் அதே மாதிரிக் கருவி வியோ 3 வந்தபோது பேச்சும் ஓசையும் படத்தோடு சேர்ந்தே வந்தன. நான் எடுத்தது இந்த இரண்டும் இல்லை, வேறொன்று. ஆனால் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய அதே. என்ன வேண்டும் என்று எழுதினால் எட்டு விநாடித் துண்டு ஒன்று வரும். மாதத்துக்கு 1,000 புள்ளி, ஒரு துண்டுக்கு 40 புள்ளி. ஆக 25 துண்டுதான். கெட்டுப்போன துண்டுக்கும் புள்ளி கழியும். முதல் நாளே 11 துண்டுகள் வீணாயின.

‘ஒரு பெண் கைமுறுக்கு சுற்றுகிறாள், சிங்கப்பூர் வீட்டுச் சமையலறை’ என்று எழுதினேன். சன்னலுக்கு வெளியே மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டல் வந்து நின்றது. என் சன்னலைத் திறந்தால் எதிர் புளோக்கில் மூங்கில் கழியில் காயும் துணிதான் தெரியும். அதையாவது மாற்றி எழுதிச் சரி செய்துவிடலாம், முறுக்கைத்தான் சரி செய்ய முடியவில்லை. கைமுறுக்கு என்றால் மாவை விரல் நுனியில் முறுக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். என் மாமியார் ஏழு சுற்று சுற்றுவார், நான் ஐந்து. செயலி தந்த காட்சியில் முதல் இரண்டு விநாடி அருமையாக இருந்தது. அப்புறம் மாவு தானாகவே ஓடி வட்டத்தை மூடிக்கொண்டது, விரல் அதைத் தொடவே இல்லை. எண்ணெயிலிருந்து வெளியே வந்தபோது அது ஜிலேபி மாதிரி வழவழவென்று இருந்தது. முறுக்கில் முள் முள்ளாக நிற்கும் அந்த முறுக்கம் எங்கே?

இருந்தாலும் ஆசை விடவில்லை. ஓரளவு நன்றாக வந்த ஒரு துண்டைப் போட்டுவிட்டேன். அன்று மாலையே அங் மோ கியோவிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். ஆரம்பத்திலிருந்து என்னிடம் வாங்குகிறவர். “தங்கச்சி, அது உன் வீட்டு அடுப்பா? முறுக்கு வேற மாதிரி இருக்கே, வெளியில வாங்கி விக்கிறியா?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. தப்பாகக் கேட்கவில்லை அவர். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது காசு அனுப்பியிருந்தால், அவர்கள் கைக்குப் போயிருப்பது வேறு பண்டம். அது ஏமாற்று. அவர் பேசி முடித்ததும் வீடியோவை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழியைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முறுக்கை இந்தச் செயலியிடம் கொடுக்காதீர்கள். முறுக்குக்கு என் கைப்பேசி கேமராவே போதும். சமையலறை சன்னலுக்குப் பக்கத்தில், காலை வெளிச்சத்தில், மகள் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு என் கையைப் படம் எடுத்தாள். உடைக்கும்போது வரும் ‘மொறுக்’ சத்தமும் உண்மையானது. செயலிக்குக் கொடுத்தது இரண்டே வேலை: ஆரம்பத்தில் ஒரு காட்சி, கடைசியில் ஒரு காட்சி.

அதற்கும் எழுத்தில் மட்டும் கேட்கக் கூடாது, நம் புகைப்படத்தைக் கொடுக்க வேண்டும். சன்னல் ஓரம் குத்துவிளக்கு ஏற்றிவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். படத்தில் என்ன இருக்கிறது என்று மறுபடி விவரிக்கவில்லை, என்ன அசைய வேண்டும் என்று மட்டும் எழுதினேன்: சுடர் லேசாக ஆட வேண்டும், கேமரா மெதுவாக நெருங்க வேண்டும், மற்றது எதுவும் அசையக் கூடாது. மூன்றாவது தடவையில் அவ்வளவு அழகாக வந்தது. எதிர் புளோக்கின் விளக்குகள் பின்னால் மங்கலாகத் தெரிய, என் வீட்டுச் சுடர் ஆடுகிறது. இதை வேறு எப்படியும் என்னால் எடுத்திருக்க முடியாது. கடைசிக் காட்சிக்குச் சிவப்பு மூடி டப்பாக்களை அடுக்கி அதே மாதிரி செய்தேன். எட்டு விநாடி முழுதும் பயன்படுத்தாதீர்கள். நான்காவது விநாடிக்கு மேல் டப்பா மூடியின் வட்டம் நெளிய ஆரம்பித்தது, மூன்று விநாடியில் வெட்டிவிட்டேன்.

தமிழுக்கு இந்தச் செயலி சுத்தமாக ஆகாது. எழுத்தைப் படமாக வரைகிறது, கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். தமிழ்க் குரல் கேட்டேன், ‘தீபாவலி’ என்றது. பண்டிகை வாழ்த்தில் ‘வலி’ என்று வந்தால் யார் கேட்பார்கள்? வீடியோவை வெட்டி ஒட்டும்போது கேப்கட் என்ற செயலியில் எழுத்துகளை நாங்களே தட்டினோம். குரலை மகள் கொடுத்தாள், போர்வைக்குள் உட்கார்ந்து பேசினால் எதிரொலி வராது என்பது அவள் யோசனை.

டிக்டாக்கில் நிஜம் போலத் தெரியும் ஏஐ காட்சி இருந்தால் அது ஏஐ என்ற அடையாளத்தைப் போட வேண்டும். போட்டேன், அதோடு ‘விளக்கும் டப்பாவும் ஏஐ அசைவு, முறுக்கும் கையும் என்னுடையது’ என்று தமிழில் ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வாரம் 64 டப்பா போனது. முந்தைய தீபாவளியின் அதே வாரத்தில் 45. அங் மோ கியோ அக்கா மட்டும் ஆறு வாங்கினார்.

சந்தாவை நிறுத்திவிட்டேன். மாதா மாதம் 30 வெள்ளி கட்டும் அளவுக்கு எனக்கு வேலை இல்லை. அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் மறுபடி கட்டுவேன். அதற்குள் புகைப்படங்களை எடுத்துவைத்துக்கொண்டால் 25 துண்டுகள் தாராளம்.