வாட்சின் அடிப்பக்கம்: எட்டு ஆண்டு அனுபவம்

2016 ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில் வாங்கிய வாட்ச் இது. எவர்சில்வர் செயின், பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ். எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக, தூங்கும் நேரம் போக என் இடது கையில்தான் கிடக்கிறது. நேரம் காட்டுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டதுதான் நீண்ட கதை. முதல் இரண்டு ஆண்டுகள் நான் துடைத்ததெல்லாம் கண்ணாடியை மட்டுமே.

பாளையங்கோட்டையில் ஆசிரியர் வேலை. வலது கையால் எழுதி இடது கையால் அழிப்பது என் பழக்கம். டஸ்டரிலிருந்து உதிரும் சாக்பீஸ் தூள் நேராக வாட்ச் செயினில் இறங்கும். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் வெயிலுக்கு மணிக்கட்டு காயவே காயாது. 2018 பங்குனியில் ஒருநாள் அரிப்பு தாங்காமல் வாட்சைக் கழற்றினேன். பின்மூடி இருந்த இடத்தில் அச்சடித்தாற்போல் வட்டமாகச் சிவந்திருந்தது.

தோல் மருத்துவரிடம் கையை நீட்டினேன். “சார், முதலில் வாட்சைக் கொடுங்கள்” என்று வாங்கித் திருப்பிப் பார்த்தார். எவர்சில்வரில் நிக்கல் உண்டு, சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆனால் எனக்கு வந்தது அதுவல்ல என்றார். வியர்வையும் சோப்பு நுரையும் அடியில் தேங்கி, தோல் நாள் முழுவதும் ஊறியதால் வந்த புண். களிம்பு எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் அந்தக் கையில் எதையும் கட்டக் கூடாது என்றார். ஆறிவிட்டது.

அன்று இரவு மேசை விளக்கடியில் செயினை வளைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் சாம்பல் நிறப் பிசுக்கு. ஈர்க்குச்சியைச் சீவி உள்ளே விட்டு இழுத்தால் சுருள் சுருளாக வந்தது, ஆட்டுரல் இடுக்கில் காய்ந்த மாவைப் போல. சாக்பீஸ் தூளும் வியர்வையும் தோல் செதிலும் சேர்ந்து குழைந்த கலவை. மூக்கருகில் கொண்டுபோனால் மடித்துப் போட்ட ஈரத்துண்டின் வாடை. இதைக் கட்டிக்கொண்டா இத்தனை நாள் சாப்பிட்டோம் என்று மனம் கூசியது.

அதிலிருந்து சனிக்கிழமை இரவு வாட்ச் கழுவுவது வழக்கமாகிவிட்டது. நேரம் திருத்தும் சாவி நன்றாக உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு. வெந்நீர் கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தளர்ந்துவிடும். குழந்தைகளின் மென்மையான பிரஷ்ஷை நனைத்துக் கண்ணிகளுக்கு இடையிலும், பின்மூடியைச் சுற்றிய பள்ளத்திலும், பூட்டின் உட்புறத்திலும் தேய்ப்பேன். அழுக்கு அதிகம் சேர்வது பூட்டில்தான். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். ஆகவே கடைசி அலசல் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில். பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தை விடவே கூடாது. ஈரத்தோடு கட்டினால் கழுவாமல் கட்டுவதைவிட மோசம். தினமும் வீட்டுக்கு வந்ததும் கழற்றி, மணிக்கட்டைக் கழுவி, அடிப்பக்கத்தைத் துடைத்துக் காற்றாட வைக்கிறேன். அப்பா தம் எச்.எம்.டி. வாட்சை மாலையில் ஜன்னலோர ஆணியில் மாட்டிவிட்டு, காலையில் சாவி கொடுத்துக் கட்டுவார். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்க அப்படிச் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன். தோல் பட்டை காய்வதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

தோல் பட்டையை நானும் ஒரு வருடம் போட்டுப் பார்த்தேன். வியர்வையை உறிஞ்சி உறிஞ்சி உட்புறம் கறுத்து, நாற்றமெடுத்தது. கழுவவும் முடியாது. கொரோனா நேரத்தில் சானிடைசர் பட்டு வெடித்தும் போயிற்று. மார்கழி, தை இரண்டு மாதம் வேண்டுமானால் அதைக் கட்டலாம். குற்றாலச் சீசனுக்கு நைலான் பட்டை நல்லது. துணியோடு துணியாகத் துவைத்துக் கொடியில் போட்டுவிடலாம்.

குற்றாலம் என்றதும் சொல்ல வேண்டும். 2019 ஆடியில், திருட்டுப் பயத்தில் வாட்சைக் கழற்றாமலே எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் நின்றேன். தண்ணீர் தாங்கும் அளவு ‘30 மீட்டர்’ என்று வாட்சில் போட்டிருக்கிறதே என்ற தைரியம். மறுநாள் காலையில் கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தது. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னார்கள். நான் நேராகக் கடைக்குக் கொண்டுபோனேன். “அண்ணாச்சி, அந்த முப்பது மீட்டர் அசையாத தண்ணீரின் அழுத்தத்துக்குச் சொன்ன கணக்கு. கை கழுவலாம், மழையில் நனையலாம். அருவிக்கு ஆகாது” என்றார் கடைக்காரர். திறந்து, உலர்த்தி, வாஷரை மாற்றிக் கொடுத்தார். இப்போது பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் வாஷரையும் பார்க்கச் சொல்கிறேன்.

ஆறாத குறை ஒன்று இருக்கிறது. ஒருமுறை திருச்செந்தூரில் கடலாடிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசாமல் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறுகாய் வைத்தால் புள்ளி விழுமே, அதுபோலப் பூட்டின் உட்புறத்தில் ஊசி முனை அளவில் மூன்று குழிகள். எத்தனை தேய்த்தும் போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரஷ் அவற்றில்தான் முதலில் போய் நிற்கிறது. அடுத்த வாட்ச் வாங்கும்போது 316எல் ரக எஃகுதானா என்று கேட்டே வாங்குவேன். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். பூட்டும் திறந்து கழுவ எளிதாக இருக்கிறதா என்று கடையிலேயே மடக்கிப் பார்த்துவிடுவேன்.