திரவ இழப்பைக் கணிக்க லேப் சோதனையா, மினி-ஃப்ராக்கா?

கோத்தகிரி ரோட்டோரம் வெட்டிவிட்ட பாறையைப் பாருங்கள், சார்னோகைட். அதில் ஒரு துண்டை எடுத்து எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் உள்ளே இறங்குவது அபூர்வம், ஆனால் அதே பாறையின் வெடிப்புகளில் மழை விட்டும் கசிவு நிற்காது. எண்ணெய்க் கிணறு இருக்கும் பாறை வேறுதான், மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ ஷேலோ, ஆனாலும் ஹைட்ராலிக் ஃப்ராக்சரிங்கில் (திரவத்தை அழுத்திப் பாறையைப் பிளந்து, விரிசல் மூடாமலிருக்க மணல் நிரப்பும் வேலை) பாறைக்குள் கசிந்து போகும் திரவ இழப்பைக் கணிக்கும்போது துண்டை நம்புவதா முழுப் பாறையை நம்புவதா என்ற இதே கேள்விதான் வருகிறது.

லேப்பில் வடிதாள் அல்லது கிணற்றிலிருந்து எடுத்த கோர் என்ற பாறைத் துண்டின்மேல், ஃப்ராக்சரிங்குக்கான கெட்டித் திரவமான ஜெல்லை வைத்து அழுத்துவார்கள். வடிந்த அளவை நேரத்தின் வர்க்கமூலத்தோடு வரைந்தால் கோட்டின் சரிவிலிருந்து இழப்புக் கெழு வரும், கோடு அச்சை வெட்டும் இடத்திலிருந்து ஸ்பர்ட் லாஸ், அதாவது ஜெல் படலம் கட்டுவதற்குள் சட்டென்று ஓடிவிடும் அளவு. 1957-ல் வந்த கார்ட்டரின் திரவ இழப்புச் சூத்திரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். செலவும் குறைவு. இரண்டு ஜெல்லில் எது தேவலை என்று பார்க்க இது போதும், அதற்கு மேல் இதைச் சுமக்க வைக்கக் கூடாது.

மினி-ஃப்ராக்கில், மணல் கலக்காமல் கொஞ்சம் திரவத்தை பம்ப் செய்து பாறையை உடைத்துவிட்டு, பம்பை நிறுத்தி அழுத்தம் இறங்குவதைக் கவனிக்கிறோம். இதைப் படிக்க 1979-ல் நோல்டே வழி காட்டினார். பம்பை நிறுத்தியபின் போன நேரத்திலிருந்து வரும் எண்தான் அவருடைய ஜி, அதை அதோடு 2 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். விரிசல் மூடும்போது ஜி மதிப்பு 2 என்றால், 2-ஐ 4-ஆல் வகுக்க, பம்பை நிறுத்திய நேரத்தில் பாதித் திரவம் விரிசலில் இருந்திருக்கிறது. ஜி 0.5 என்றால் 20 சதவீதம்தான், மீதி 80 பாறைக்குள் போயாச்சு. மணலுக்கு முன் அனுப்பும் வெறும் திரவம், அதாவது பேட், எவ்வளவு என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பேட் குறைந்தால் மணல் பாதியிலேயே அடைத்துக்கொள்ளும், வேலை நின்றுவிடும்.

அப்புறம் முக்கியமான விஷயம், இயற்கை வெடிப்புகள். ஜி-யோடு அழுத்தச் சரிவைப் பெருக்கி வரையும் வளைவு, நேர்கோட்டுக்கு மேலே முதுகு தூக்கினால், அழுத்தம் ஏறியபோது பழைய வெடிப்புகள் வாய் திறந்து திரவத்தைக் குடித்திருக்கின்றன என்று பொருள். உள்ளங்கையளவு கோர் இதைச் சொல்லவே சொல்லாது.

மினி-ஃப்ராக்கிலும் சிக்கல் உண்டு. மூடும் இடத்தைத் தவறாகக் குறித்தால் மொத்தக் கணக்கும் சாயும். இறுகிய பாறையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் சோதித்துவிட்டு ஜெல்லுக்கான கெழு கிடைத்தது என்பதும் சரியில்லை, படலமே கட்டியிருக்காதே. லேப்பில் தேர்ந்த அதே ஜெல்லை வைத்தே மினி-ஃப்ராக் செய்யுங்கள், இரண்டும் முட்டிக்கொண்டால் களத்தில் வந்த எண்ணை வைத்து பேட்டை மாற்றுங்கள்.