பேரி பாண்ட்ஸா, இளம் வீரரா?

2008 பருவத்துக்கு முன் அமெரிக்க பேஸ்பால் அணிகளுக்கு இருந்த குழப்பம் இது. மூத்த மட்டையாளர் பாண்ட்ஸுக்கு அப்போது 43 வயது, 762 ஹோம்ரன் (பந்தை எல்லை வேலிக்கு வெளியே அடிப்பது). ஊக்கமருந்து விசாரணையில் பொய் சொன்னதாக வழக்கு வேறு.

அடி:
பாண்ட்ஸ் – 2007இல் 28 ஹோம்ரன். 100 முறை மட்டை பிடித்தால் 48 முறை அவுட்டாகாமல் தளம் ஏறினார். அந்த வயதில் அசுர ஆட்டம்!
இளைஞர் – போகப்போகத்தான் தெரியும்.

சம்பளம்:
பாண்ட்ஸ் – குறைந்தபட்சமான 3,90,000 டாலரே போதும் என்றார் முகவர்.
இளைஞர் – ஏறக்குறைய அதேதான்.

உடம்பு:
பாண்ட்ஸ் – முழங்கால் தேய்ந்தவர், ஃபீல்டிங் கஷ்டம்.
இளைஞர் – ஓடுவார்.

தலைவலி:
பாண்ட்ஸ் – கோர்ட்டு, கேமரா.
இளைஞர் – இல்லை.

அந்த ஆண்டே கோப்பை வேண்டுமென்றால், அப்போது மட்டை மட்டும் பிடிக்க ஆள் வைத்த அமெரிக்கன் லீக் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று) அணிக்கு பாண்ட்ஸ்தான். புதிதாக அணி கட்டுபவர்களுக்கு இளைஞர். கடைசியில் பாண்ட்ஸை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு இன்றும் அது ஆச்சரியம்தான்.