யூரின்ல கேன்சர் மார்க்கர் பாக்குற ஸ்ட்ரிப்: 5க்கு 3 ஸ்டார்

எங்க லேப்ல ஆறு மாசமா ஓட்டிட்டு இருக்கோம், கார்பன் இங்க்ல பிரிண்ட் பண்ண டிஸ்போசபிள் ஸ்ட்ரிப்பு, கூடவே போன்ல கனெக்ட் ஆகுற தீப்பெட்டி சைஸ் பொட்டன்ஷியோஸ்டாட்டு (வோல்டேஜ் குடுத்து கரண்ட்ட அளக்குற கருவி). கம்பெனி பேரு வேணாம். வீட்ல சுகர் பாப்பாங்கல்ல அந்த ஸ்ட்ரிப்போட பெரியப்பா பையன்னு வச்சுக்கங்க, சொட்டு விட்டா வர்ற கரண்ட்ட வச்சு சரக்கு எவ்ளோ இருக்குன்னு கணக்கு.

நாங்க தேடுறது 8-ஓஎச்டிஜி. டிஎன்ஏ அடிவாங்குனா உடம்பு அத ரிப்பேர் பண்ணி யூரின்ல தள்ளுற துண்டு. சில கேன்சர்ல கூடுது, ஆனா தம் அடிக்கிறவங்களுக்கும் கூடும், அதனால பாக்ஸ் மேல கொட்டை எழுத்துல "கேன்சர் டிடெக்ஷன்"னு போட்டிருக்கறது ஓவர். ப்ளாடர் கேன்சருக்கு அமெரிக்கால அப்ரூவல் வாங்குன என்எம்பி22 கார்டே (யூரின்ல ஒரு புரோட்டீன பாக்குற டெஸ்ட்டு) சிஸ்டோஸ்கோபி, அதாவது ப்ளாடருக்குள்ள கேமரா விட்டு பாக்குறது, அது கூட சேத்துதான் பாக்கணும்.

பஃபர்ல (லேப்ல கலக்குற சுத்தமான உப்புக் கரைசல்) போட்டா சூப்பர், வோல்டேஜ ஏத்திட்டே போறப்ப கரண்ட் எகிறுற எடம், அதான் பீக், ஊசி மாதிரி நிக்குது. நிஜ யூரின் விட்டோம், போச்சு. யூரிக் ஆசிட் மில்லிமோலார் கணக்குல கொட்டிக் கெடக்கு, நம்மாளு 8-ஓஎச்டிஜி வெறும் நானோமோலார் (மில்லிமோலார விட பத்து லட்சம் மடங்கு சின்ன யூனிட்டு), ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ்ல ஆக்ஸிடைஸ் ஆகுது, கெட்டிமேளம் கொட்டுறப்ப வாட்ச்சோட டிக் டிக் கேக்கணும்னா எப்படி? யூரிகேஸ் என்சைம் போட்டு அத காலி பண்ண வேண்டியதாப் போச்சு, அது தனி செலவு.

அதவிட கடுப்பு ரெஃபரன்ஸ், அதாவது வோல்டேஜ எதோட ஒப்பிட்டு அளக்குறமோ அந்த எலக்ட்ரோடு. ஸ்ட்ரிப்புல அதுக்குன்னு இருக்குற சில்வர் கோடு நேரா சாம்பிள்லயே முங்கி நிக்குது, உப்பு மாறுனா அதுவும் மாறும், குளோரைடு பத்து மடங்கு கொறஞ்சா 59 மில்லிவோல்ட் நகந்துரும். கூட வேலை பாக்குற தம்பி காலைல குடுத்த சாம்பிள்ல ஒரு எடத்துல பீக்கு, ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சுட்டு மத்தியானம் குடுத்ததுல வேற எடத்துல. ரெண்டு நாள் ஒயர மாத்தி மாத்தி பாத்தோம், மேனுவல்ல இதப்பத்தி ஒரு வரி இல்ல. இப்ப பொட்டாசியம் குளோரைடு போட்ட பஃபர்ல பாதிக்குப் பாதி கலந்துதான் விடுறோம், பரவால்ல.

ஆப்ல கிரியேட்டினின் (யூரின் எவ்ளோ நீத்துப்போயிருக்குன்னு காட்டுற கழிவுப்பொருள்) வச்சு வகுக்குற ஆப்ஷனும் கெடயாது, எக்செல்ல தட்டிக்கணும். பிராஜக்ட் பண்ற பசங்களுக்கு ஓகே, வீட்ல டெஸ்ட் பண்ணலாம்னு நெனச்சு வாங்கிடாதீங்க. வாங்குனா சின்ன பாக்கெட்டா வாங்குங்க, தொறந்து வச்சது ரெண்டு வாரத்துல சில்வர் கோடு கருத்துப்போச்சு.