மேல்மலைக்குப் பழைய டிராக்டர்: பெரிய வண்டியா, மினியா, டில்லரா?

பழைய டிராக்டர் பார்க்கப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது “எந்த வருஷ மாடல்?”, அடுத்து “எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?”. நான் முதலில் கேட்பது, வண்டி இத்தனை நாள் எந்த ஊரில் உழுதது என்று. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போக நெல்லுக்குக் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேறு அடித்த வண்டியும், ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பில் களை ஓட்டிய வண்டியும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம். சேற்றில் கிடந்ததற்கு முன்சக்கர பேரிங், ஆயில் சீல், பிரேக் எல்லாவற்றிலும் மண்தண்ணீர் புகுந்திருக்கும். சமவெளியில் அது சில்லறைச் செலவு. கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிற எங்கள் மன்னவனூருக்கோ கவுஞ்சிக்கோ வருகிற வண்டிக்குப் பிரேக்தான் உயிர்.

எங்கள் வீட்டில் பேச்சு மூன்றில் வந்து நின்றது. மாஸி பெர்குசன் 1035 மாதிரி 36 ஹெச்பி பெரிய வண்டி, 15 முதல் 18 ஹெச்பி வரையிலான மினி, பின்னால் நடந்து கையால் பிடித்து ஓட்டுகிற 13 ஹெச்பி பவர் டில்லர். மூன்றுமே கை மாறியவைதான். வத்தலக்குண்டிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை அலைந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எதைப் பார்த்தாலும் ஒரு கழித்தல் கணக்கு உண்டு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத டீசல் இன்ஜின் ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. ஐந்தில் ஒரு பங்கை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். 36 ஹெச்பி இங்கே 29, 18 ஹெச்பி 14 சொச்சம். காற்று குறைகிறது, பம்ப் அடிக்கிற டீசல் குறைவதில்லை. அதனால் கீழே சுத்தமாக ஓடியது மேலே கரும்புகை தள்ளும். தண்ணீரும் இந்த உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்தால்தான் அதற்கு மேல் தாங்கும். அந்த மூடியின் ரப்பரைத் திறந்து பார்க்காமல் எத்தனையோ பேர், வண்டி கொதிக்கிறது என்று ஹெட் கேஸ்கட் மாற்றுகிறார்கள்.

பெரிய வண்டிக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1035-இல் இருப்பது மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின், சென்னைச் சரக்கு. லைனர் (பிஸ்டன் ஓடுகிற உருளை), பிஸ்டன், கிளட்ச் பிளேட் எல்லாம் திண்டுக்கல்லில் கேட்ட அன்றே கிடைக்கும், கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் கிடையாது. பழையது மினி விலைக்கே கிடைப்பதும் உண்டு. “அதே காசுக்கு இரண்டு மடங்கு வண்டி மாமா” என்று மச்சான் குதித்தது இதனால்தான்.

ஆனால் எடை 1,700 கிலோ. பின்னால் ரோட்டவேட்டரை (கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்கும் கருவி) தூக்கினால் இரண்டு டன். பூம்பாறைச் சரிவில் இருப்பதுபோன்ற படிக்கட்டு வயலில் இது திரும்புவதற்கே வயலில் பாதி போய்விடும். ஓரத்துக் கல்கட்டு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். டிரெய்லரோடு இறக்கத்தில் கிளட்சை மிதித்துவிட்டால், பின்னால் இருக்கிற பூண்டு மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், ரோட்டுக்கு வந்ததும், இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கிற இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்தக் கொக்கி காணாமல் போய்க் கம்பி கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் நான் அதற்கு மேல் பேசுவதில்லை. ரோட்டோரமாக அகலமான நிலம், வாடகைக்கு லோடு அடிக்கிற எண்ணம், இரண்டும் இருப்பவருக்கே பெரிய வண்டி.

மினியில் இரண்டு சாதி. யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்றவை ஒற்றைச் சிலிண்டர், 15 ஹெச்பி. ஒரு லைனர், ஒரு பிஸ்டன், டீசல் பீய்ச்சுகிற ஒரு நாசில் என்பதால் இன்ஜின் வேலை மலிவு. அதிர்வு அதிகம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பானரை எடுத்து எல்லா போல்ட்டையும் இறுக்குகிறவருக்கு அது பெரிய குறையில்லை. சக்தி எம்டி 180டி மூன்று சிலிண்டர், 18 ஹெச்பி சொச்சம், எடை 650 கிலோவுக்குள். ஓட்டச் சுகம், பயிர் வரிசைக்கு நடுவே நுழையும். வேலை வந்தால் மூன்று பங்குச் சாமான் வாங்க வேண்டும். நாலு சக்கர இழுவை உள்ளது கிடைத்தால் ஈர மண்ணில் நிம்மதி. அதில் முன் அச்சுப் பல்சக்கரத்தில் சத்தம் வருகிறதா என்று வட்டமடித்துக் கேட்டுவிட வேண்டும்.

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்த மினிகள் விலைக்கு வரும். அவற்றின் மேல்தகடு மருந்து பட்டு அரித்துத் துருப்பிடித்திருக்கும், பார்க்கச் சகிக்காது. பெரும்பாலும் நிழலில் மெதுவாக ஓடியவை என்பதால் இன்ஜினும் கியர் பெட்டியும் தேறும். எனக்கு அந்த அசிங்கமான வண்டிகள் மேல்தான் கண்.

டில்லரைப் பழையதாக வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் புதிய டில்லருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் இருக்கும்போது, தேய்ந்த பெல்ட்டுக்கும் தேய்ந்த கத்திக்கும் ஏன் பேரம் பேச வேண்டும்? நானூறு கிலோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், பாதையே இல்லாத வயலுக்கும் போகும், அது உண்மை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சமதளத்தில் வலது கை கிளட்சைப் பிடித்தால் டில்லர் வலப்பக்கம் திரும்பும், செங்குத்தான இறக்கத்தில் இடப்பக்கம் திரும்பும். விடுபட்ட சக்கரம் வேகமாக உருள்வதால் அப்படி. சமதளத்தில் பழகிய கை அங்கேதான் ஏமாறும்.

இதைவிடப் பெரிய கேள்வி, வேலை பார்த்து வைத்த வண்டியா, பார்க்காத வண்டியா என்பது. மச்சான் என் பேச்சைக் கேட்காமல் முதலில் வாங்கியது ‘ஃபுல் ஓவராயில் முடிச்ச’ பெரிய வண்டி ஒன்று. இன்ஜின் பளபளவென்று பெயின்ட், சீட் புதுசு. கீழே ஒரே தட்டில் ஸ்டார்ட். மேலே வந்த நான்காம் நாள் கொதித்தது. கழற்றிப் பார்த்தால் தேய்ந்த லைனரிலேயே புது ரிங் போட்டு மூடியிருக்கிறார்கள். ஊர் மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை, “தம்பி, நீங்க வாங்குனது வண்டி இல்ல, பெயின்ட் டப்பா” என்றார். கிளட்சும் நழுவியது. அந்த பிளேட்டைத் தொட வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்; நாங்கள் அதைச் செய்தது தார்ப்பாய்க்குக் கீழே, மழையில்.

அதனால் எண்ணெய் வடிந்து, புகை விட்டு, உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கிற வண்டிதான் என் தேர்வு. அதைக் குறைத்துக் கேட்கலாம், லைனரும் ரிங்கும் பம்ப் வேலையும் நம் கண்முன்னே நடக்கும்.

பார்க்கப் போவது விடிகாலையாக இருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் இன்ஜின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். மார்கழி உறைபனியில் நம் ஊரில் ஸ்டார்ட் ஆக அது என்ன பாடுபடுத்தும் என்று தெரியாமல் போய்விடும். ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வரக்கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள், தரையைத் தொட்டிருந்தால் ஹைட்ராலிக் வேலை. பின் அச்சுக் கூட்டிலும் டிரெய்லர் கொக்கி மாட்டுகிற இடத்திலும் வெல்டிங் தழும்பைத் தேடுங்கள். ஏற்றத்தில் லோடோடு ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

காகிதம் பற்றி அதிகம் இல்லை. சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாக வேண்டும். வங்கிக் கடன் பதிந்திருந்தால், அது தீர்ந்தது என்கிற படிவம் 35 வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியில் நாங்கள் கொண்டு வந்தது திராட்சைத் தோட்டத்து ஒற்றைச் சிலிண்டர் மினி ஒன்று. பெரிய வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்ட காசில் இதற்கு லைனர் செட், நாசில், நாலு டயர் எல்லாம் ஆயிற்று. ரோட்டவேட்டர் மட்டும் ஊட்டிப் பக்கத்திலிருந்து வந்தது, கத்திகளுக்கு இடையில் காய்ந்த செம்மண்ணோடு. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-இல் இந்தியாவில் முதலில் தெரியவந்தது ஊட்டி விஜயநகரத்தில்தான். அதன் கூடு மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், கருவியில் ஒட்டிய மண்ணிலேயே ஊர் மாறும். நம் மலையிலும் அது இருக்கிறது, எங்கள் வயலில் இல்லை. அதனால் ரோட்டவேட்டரை ரோட்டிலேயே நிறுத்தி, கம்பியால் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கழுவிய மண்ணையும் மூட்டை கட்டிய பிறகுதான் உள்ளே விட்டேன். மச்சான் ஒன்றும் பேசாமல் ஹோஸ் பிடித்தான்.