புது டிஸ்க் என்று வந்த நான்கும் இரண்டரை வருடம் ஓடியவை: வீட்டு ஃபைல் சர்வர் கட்டுபவர்கள் கவனத்துக்கு

8 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு, ஒரே ஆர்டர். "புத்தம் புதியது, சீல் உடைக்காதது, ஐந்து வருட வாரண்டி" என்று விளம்பரம். வந்த பார்சலிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆன்டி ஸ்டாட்டிக் கவர், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மேலே சீல் ஸ்டிக்கர். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 9-ஆம் எண் வரி, அதாவது டிஸ்க் மின்சாரத்தில் இருந்த மணிநேரம், நான்கிலும் பத்தைத் தாண்டவில்லை. அதே டிஸ்க்குகளுக்குள் ஃபார்ம் என்று இன்னொரு உள் பதிவு உண்டு; அதைத் திறந்தால் 22,871, 22,900, 22,908, 22,914 மணி. வருடத்துக்கு 8,760 மணி என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

விற்ற கடையின் பெயரை எழுதிப் பயனில்லை. இதே சரக்கு நாளை வேறு பெயரில் கடை விரிக்கும். டிஸ்க்கைச் செய்த கம்பெனிக்கும் இதில் பங்கில்லை. எண்ணை அழித்தது இடையில் இருந்த கை. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனி டிஸ்க் ஒன்று பழையதாக வந்துவிட்டால் நஷ்டம் ஒரு டிஸ்க்கோடு போகும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் கோப்பு தப்பும்படி கட்டும் ரெய்டில் அப்படி இல்லை. ஒரு டிஸ்க் சாகும்போது மற்றவை தாங்கும் என்ற கணக்கே, அவை வெவ்வேறு நேரத்தில் சாகும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஒரே சர்வர் கூடத்தில், ஒரே ரேக்கில், ஒரே அளவு வேலை செய்து ஓய்ந்த நான்கைச் சேர்த்துக் கட்டினால், தேய்ந்த நாலு டயருக்கு ஸ்டெப்னியும் தேய்ந்ததாகவே கிடைத்த கதைதான். முதல் டிஸ்க் போனதும், மாற்று டிஸ்க்கில் தரவைத் திரும்ப எழுதும் ரீபில்ட் தொடங்கும்; மிச்சமிருப்பவை மணிக்கணக்கில் ஓயாமல் முழு அளவும் படிக்கப்படும். இரண்டாவது டிஸ்க் பெரும்பாலும் படுப்பது அப்போதுதான்.

இன்னொரு சங்கடம், ரெய்டே மோசடியை மறைத்துக் கொடுத்துவிடுகிறது. படிக்க முடியாத செக்டரை, அதாவது டிஸ்க்கின் சிறு துண்டை, மற்ற டிஸ்க்குகளிலிருந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். பயனருக்குத் தெரியவரும்போது ரிட்டர்ன் கெடு முடிந்திருக்கும். அதனால் சோதனை எல்லாம் பூல், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்த ஒரே தொகுப்பு, உருவாக்குவதற்கு முன்பே.

எண்ணை அழிப்பது எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். ஸ்மார்ட் எண்கள் டிஸ்க்குக்குள்ளேயே எழுதிவைக்கப்படும் பதிவுகள். பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் உள் கட்டளைகளைக் கொண்டு அவற்றைச் சுழியாக்கிவிடலாம். சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு ஒன்று இருக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதிது என்று விற்கப்பட்ட டிஸ்க்குகள் கொத்துக் கொத்தாகப் பிடிபட்டது இதை வைத்துத்தான். ஸ்மார்ட்டில் சுழி, ஃபார்மில் பதினைந்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் மணிவரை. 2021-இல் சியா கிரிப்டோ நாணயத்துக்காக வாங்கிக் குவித்த டிஸ்க்குகள் பிறகு சந்தைக்குத் திரும்பிவிட்டன என்பதுதான் அப்போது எழுந்த பலமான சந்தேகம்.

பார்க்கும் முறை சுலபம். ஸ்மார்ட்டைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும். பழைய பதிப்புக்கு ஃபார்ம் தெரியாது. டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போடாமல் நேராக சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். பல யூஎஸ்பி பாலங்கள் இந்தப் பதிவுகளைக் கடத்துவதில்லை. அந்த மென்பொருளின் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை "-எல் ஃபார்ம்" சுவிட்சோடு ஓட்டி, பவர் ஆன் ஹவர்ஸ் வரியையும் படிக்கும் ஹெட் தட்டின்மேல் பறந்த நேரமான ஹெட் ஃபிளைட் ஹவர்ஸ் வரியையும் ஸ்மார்ட்டின் 9-ஆம் வரியோடு ஒப்பிடுங்கள். ஓரிரு மணி வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கில் என்றால் பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

ஃபார்ம் சுத்தமாக இருந்தால் டிஸ்க்கும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் டிஸ்க்குக்குள் இருக்கும் எழுத்துதான், அதையும் அழிக்க முடியும். மற்ற கம்பெனி டிஸ்க்குகளில் ஃபார்ம் கிடையவே கிடையாது. அங்கே "-எக்ஸ்" சுவிட்சில் வரும் நீண்ட அறிக்கையைத்தான் துருவ வேண்டும். எண்ணை அழிப்பவர்கள் அவசரக்காரர்கள், எங்காவது ஒரு மூலையை மறந்துவிடுவார்கள். 9-ஆம் வரியில் ஆறு மணி, 193-ஆம் வரியில் ஹெட் இரண்டாயிரம் முறை ஏறி இறங்கிய கணக்கு; இரண்டும் சேராது. செல்ஃப் டெஸ்ட் பதிவில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே அது எத்தனையாவது மணியில் நடந்தது என்று இருக்கும். அங்கே இருபதாயிரம் என்று ஒரு வரி தப்பிப் பிழைத்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. டிவைஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் எழுதப்பட்ட மொத்த செக்டர் எண்ணிக்கையை 512-ஆல் பெருக்கி பைட்டாக்கிப் பாருங்கள். பத்து மணிநேரம் ஓடியதாகச் சொல்லும் டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான டிபி எழுதியிருக்க வழியே இல்லை.

பிறகு கண்ணால் பார்ப்பது. சாட்டா முனையின் தங்கப் பூச்சை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், செருகி எடுத்த டிஸ்க்கில் ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் மெல்லிய கோடு ஓடும். திருகுத் துளையின் விளிம்பில் பூச்சு உரிந்து பளபளத்தால் அது எங்கோ டிரேயில் பூட்டப்பட்டிருந்தது. ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரும் "-ஐ" சுவிட்சில் டிஸ்க் தானே சொல்லும் சீரியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டிஸ்க் சொல்லும் சீரியலைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போடுங்கள். இந்த ஆர்டரில் இரண்டுக்கு வாரண்டி காலாவதி. மற்ற இரண்டுக்கு, சர்வர் கம்பெனிக்கு மொத்தமாகப் போன சரக்கு, விற்றவரையே கேளுங்கள் என்று பதில். ஐந்து வருடம் எங்கே போயிற்று!

சோதித்து மறுபடி விற்கும் ரீசர்டிஃபைட் டிஸ்க்கே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பழையது என்று சொல்லி, மணிக்கணக்கை மறைக்காமல், குறைந்த விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். வீட்டு சர்வருக்கு அது போதும், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பாகக் கட்டிக்கொண்டால்.

அடுத்த ஏமாற்று எஸ்எம்ஆர். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தாற்போல் எழுதும் முறை இது. ஒரு இடத்தை மாற்ற வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். சாதாரணமாகக் கோப்பு வைத்து எடுக்கும்போது வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் முதலில் ஒரு தனிப் பகுதியில் வாங்கிவைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் அடுக்கும். ரீபில்டில் ஓய்வே கிடையாது. அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் விற்றது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அப்போது வெளியான ஒரு இசட்எஃப்எஸ் (ரெய்டையும் தானே பார்த்துக்கொள்ளும் கோப்பு அமைப்பு) சோதனையில் அத்தகைய 4 டிபி டிஸ்க்கைப் பூலில் மாற்றிவைக்க ஒன்பது நாளுக்கு மேல் பிடித்தது. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் தனித்தனியே எழுதும் சிஎம்ஆர் டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த வேலை அது. அதன்பின் சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இன்றும் கடைக்காரர் விளையாடும் இடம் மாடல் எண். டபிள்யூடி40இஎஃப்ஆர்எக்ஸ் சிஎம்ஆர், டபிள்யூடி40இஎஃப்ஏஎக்ஸ் எஸ்எம்ஆர். நடுவில் ஒரே ஒரு எழுத்து. படத்தில் ஒன்று, பார்சலில் மற்றொன்று, கேட்டால் "அதே 4 டிபிதானே சார்" என்பார்கள். ஆர்டர் போடும்போதே முழு மாடல் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் பட்டியலில் சரிபாருங்கள். சுழலும் டிஸ்க் ஒன்று அழித்த கோப்பின் இடத்தை டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளை உண்டு என்று ஸ்மார்ட்சிடிஎல்லில் காட்டினால் அது எஸ்எம்ஆர் என்று சந்தேகப்படலாம். காட்டாததால் மட்டும் சிஎம்ஆர் என்று ஆகிவிடாது.

நாஸ் (நெட்வொர்க் ஃபைல் சர்வர்) தரம் என்று சொல்லி டெஸ்க்டாப் டிஸ்க்கைத் தள்ளுவதும் உண்டு. கெட்ட செக்டரோடு எவ்வளவு நேரம் முயலும் என்று ஸ்மார்ட்சிடிஎல்லில் "-எல் எஸ்சிடிஇஆர்சி" கொடுத்துக் கேட்டால் நாஸ் டிஸ்க் பொதுவாக 70 என்று காட்டும், அதாவது 7 விநாடி. கெட்ட செக்டரோடு அதற்குமேல் மல்லுக்கட்டாமல் பிழை என்று சொல்லிவிடும், ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆதரவு இல்லை என்று பதில் வந்தால், அது ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டே கிடக்கலாம். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பை அறுத்து ரீசெட் செய்யும், நல்ல டிஸ்க்கே ரெய்டிலிருந்து தூக்கி எறியப்படும். வேறு வழியில்லாமல் இப்படிப்பட்ட டிஸ்க்கோடு வாழ வேண்டுமானால் அந்தப் பொறுமையை 180 விநாடியாக ஏற்றி, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அமையும்படி வையுங்கள்.

ரெடியாகக் கட்டித்தரும் சர்வர்களில் வேறு விதம். "நாலு 4 டிபி, ரெய்டு போட்டாச்சு, 16 டிபியும் உங்களுக்கே" என்று பெருமையாகச் சொல்வார்கள். முழுசாகக் கிடைக்கிறது என்றாலே காப்பு எதுவும் இல்லை, அது ரெய்டு 0 அல்லது வெறும் கோர்வை. கணினி காட்டும் கணக்கில் நாலு 4 டிபிக்கு ஒரு டிஸ்க் காப்பு என்றால் ஏறக்குறைய 10.9, இரண்டு டிஸ்க் காப்பு என்றால் 7.3, 14.5 காட்டினால் வாங்காதீர்கள். இசட்எஃப்எஸ்ஸில் இன்னும் நுட்பமான கேடு ஒன்று. இடம் பற்றாமல் ஐந்தாவது டிஸ்க்கைச் சேர்க்கும்போது, மிரரோடு (ஒரே தரவின் இரட்டைப் பிரதியோடு) இணைக்கும் கட்டளைக்குப் பதில் பூலில் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்து, எச்சரிக்கை வந்ததும் கட்டாயப்படுத்திவிடுவார்கள். பூலின் நிலையைக் காட்டும் இசட்பூல் ஸ்டேட்டஸ் கட்டளையில் அந்த டிஸ்க், ரெய்டு குழுவின் பெயருக்குக் கீழே உள்ளடங்காமல், குழுவின் பெயருக்குச் சமமான தள்ளலில் தனியாக நிற்கும். அந்த ஒரு டிஸ்க் போனால் மொத்தப் பூலும் போச்சு.

பணம் முழுதும் தருவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்: சோதனைக் கோப்புகளை மட்டும் போட்டு, அணைத்து, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, மறுபடி இயக்குவது. கோப்புகள் திறக்க வேண்டும், பூல் டிகிரேடட் (டிஸ்க் குறைகிறது) என்று காட்ட வேண்டும், எச்சரிக்கை மெயில் வந்து சேர வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் அமைப்பதே இல்லை.

டிஸ்க் கையில் வந்தவுடன் செய்ய வேண்டிய சூட்டுச் சோதனைக்கு நேரம் பிடிக்கும், ரிட்டர்ன் கெடுவைப் பார்த்துத் தொடங்குங்கள். நீண்ட செல்ஃப் டெஸ்ட், அதன்பின் பேட்பிளாக்ஸ் எழுதிப் படிக்கும் சோதனை, மறுபடி நீண்ட டெஸ்ட். பேட்பிளாக்ஸ் நான்கு வடிவங்களை எழுதி எழுதிப் படிக்கும், ஆக எட்டு ஓட்டம். விநாடிக்குச் சராசரி 180 எம்பி என்றால் 8 டிபிக்கு ஓர் ஓட்டம் பன்னிரண்டேகால் மணிக்குச் சற்று மேல், மொத்தம் நாலு நாள். நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம், மின்விசிறி காற்று படட்டும். பிளாக் அளவை 4096 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் 8 டிபியில் எண் பெரிதாகிவிட்டது என்று மறுத்துவிடும். 18 டிபியிலிருந்து 8192. டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் அழியும் என்பதால் சரியான டிஸ்க்கா என்று சீரியலைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். முடிந்ததும் ஸ்மார்ட்டில் கெட்ட செக்டர்களைக் குறிக்கும் 5, 197, 198 வரிகள் மூன்றும் சுழியாக இருக்க வேண்டும். இணைப்பில் நேரும் பிழையை எண்ணும் 199 ஏறியிருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பாவம் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க் சுழலவே இல்லையென்றால் அதுவும் பழுதாக இருக்க வேண்டியதில்லை; சில சர்வர் டிஸ்க்குகள் மின் இணைப்பின் 3-ஆம் முனையில் 3.3 வோல்ட் வந்தால் எழாது, அந்த முனையை மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்பால் மூடினால் போதும்.

திருப்பி அனுப்பும் சண்டைக்கு வருவோம். கடைக்காரர் சொன்ன பதில்கள் வரிசையாக: ஸ்மார்ட்டில் சுழிதானே இருக்கிறது, ஃபார்ம் அதிகாரபூர்வ எண் இல்லை, நீங்கள் சோதித்ததால்தான் மணிநேரம் ஏறியது. கடைசிப் பதிலுக்கு மறுமொழி, பார்சல் வந்து 22,900 மணி ஆகவில்லை என்பதுதான். பேக்கிங் பிரிப்பதை ஸ்டிக்கர் சீரியல் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் சீரியல் வெட்டுப்பட்டுப் போகும். ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கையை முழு டெக்ஸ்ட் கோப்பாக, சோதனை தொடங்கும் முன்னும் பின்னும் சேமியுங்கள். விற்பனைத் தளத்தின் புகார் வழியாகவே பேசுங்கள், தனிச் செய்தியில் வேண்டாம். பாதிப் பணம் தருகிறேன், டிஸ்க்கை வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சம்மதித்தால் அதோடு புகார் மூடப்படும்.

மாற்று டிஸ்க்குக்கும் சம்மதிக்காதீர்கள், முழுப் பணத்தைக் கேளுங்கள். இங்கே மாற்றாக வந்த ஒன்றில் ஃபார்மும் சுழி. ஆனால் சாட்டா முனையில் கோடுகள், ஸ்டிக்கரில் ஒரு சீரியல், டிஸ்க்குக்குள் வேறு சீரியல்.